முகத்தில் பட்ட காயமும் மருத்துவமனைப் பதிவேடும்

உழவுத் தொழிலில் இயந்திரங்களின் பயன்பாடு ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. ஏரும் பரம்பும் இருந்த இடத்திற்கு டிராக்டரும் பவர் டில்லரும் வந்துவிட்டன. களத்தில் கட்டடித்த காலம் போய்க் கதிரடிக்கும் இயந்திரம் ஓடுகிறது. வேலை எளிதாகியிருக்கிறது; விளைந்தது காலத்தில் வீடு வந்து சேருகிறது. அதே நேரத்தில் இயந்திரங்களால் ஏற்படும் புதிய காயங்களும் வந்திருக்கின்றன. மாடு முட்டுவது, கரும்புத் தோகை கண்ணைக் கிழிப்பது, நெல் கண்ணில் தெறிப்பது போன்ற பழைய காயங்களும் ஓய்ந்துவிடவில்லை.

உடலின் மற்ற பகுதிகளைவிட முகத்தில் படும் காயம் கூடுதல் கவனத்திற்குரியது. கண், மூக்கு, வாய், பல், தாடை ஆகியவை எல்லாம் ஒரு சாண் இடத்திற்குள் அமைந்துள்ளன. பார்ப்பது, மூச்சு விடுவது, உண்பது, பேசுவது ஆகிய நான்கும் இங்கேதான் நடைபெறுகின்றன. கையில் பட்ட சிராய்ப்பு நான்கு நாளில் ஆறிவிடும். அதே அளவு சிராய்ப்பு கருவிழியில் பட்டுக் கவனிக்காமல் விடப்பட்டால் பார்வையே போய்விடக்கூடும்.

இத்தகைய காயங்களைத் தடுக்க வேண்டுமானால், அவை எந்த வேலையில், எந்த மாதத்தில், எந்தக் கருவியால் ஏற்படுகின்றன என்பது முதலில் தெரிய வேண்டும். இந்தக் கணக்கை எடுக்க மருத்துவமனைகளில் உள்ள மின்னணுப் பதிவேடுகள் இப்பொழுது பெரிதும் உதவுகின்றன. ஆனால் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது, காயம்பட்டவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்த வகையில் உழவர்களின் பங்கு என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகத்திற்கு ஆபத்து வரும் வேலைகள்

நமது வட்டாரத்தில் முகத்தில் காயம் ஏற்படக் காரணமாக உள்ள வேலைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பயிரால் ஏற்படுவது. கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் நெல், பதர், சுணை ஆகியவை கண்ணில் தெறிக்கின்றன. கரும்பில் தோகை உரிக்கும்போது இலையின் விளிம்பு கத்திபோல் கருவிழியில் கீறுகிறது. கருவேல முள், தென்னை மட்டை, விழும் தேங்காய் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. வேலியோரத்தில் எருக்கு வெட்டும்போது அதன் பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

இரண்டாவது, கால்நடையால் ஏற்படுவது. மாட்டைக் கட்டும்போதோ தீவனம் வைக்கும்போதோ குனிகிறோம். அந்த நேரத்தில் மாடு தலையை உதறினால் கொம்பு நேராக முகத்திற்கு வருகிறது. கண்குழி, கன்ன எலும்பு, மூக்கு ஆகியவை இதனால் உடைகின்றன. லாடம் அடிக்கும்போதும் கன்று ஈன்ற பசுவின் அருகில் செல்லும்போதும் உதையும் முட்டும் படுவது உண்டு.

மூன்றாவது, இயந்திரத்தாலும் கருவியாலும் ஏற்படுவது. டீசல் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும்போது கைப்பிடி எதிர்த்து அடித்தால் பல்லும் தாடையும் உடையும். புல் வெட்டும் இயந்திரம் சிறு கல்லைக்கூடத் தோட்டாவைப்போல எறியும். சம்மட்டியால் இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும். வலி குறைவாக இருப்பதால் உள்ளே இரும்பு இருப்பதே சில சமயம் தெரியாமல் போகும். சேலைத் தலைப்பு, துண்டு, கூந்தல் ஆகியவை சுழலும் பெல்ட்டில் சிக்கினால் முகமும் தலையும் இயந்திரத்தோடு இழுக்கப்படும்.

நான்காவது, மருந்துகளால் ஏற்படுவது. பூச்சிமருந்து கலக்கும்போது தெறிப்பது, காற்றுக்கு எதிராக அடிப்பது, அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதுவது ஆகியவற்றால் கண்ணும் வாயும் பாதிக்கப்படுகின்றன. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும்.

மின்னணுப் பதிவேடு என்பது என்ன?

முன்பெல்லாம் மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு ஒன்றும், ஒரு தடித்த பதிவேடும் இருக்கும். சீட்டு நோயாளியோடு போய்விடும். பதிவேடு நிறைந்தவுடன் அலமாரிக்குப் போய்விடும். ஓராண்டில் எத்தனை பேருக்கு மாடு முட்டிக் கண் போனது என்று அறிய விரும்பினால், ஒருவர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

இப்பொழுது பல மருத்துவமனைகளில் இந்த விவரங்கள் கணிப்பொறியில் ஏற்றப்படுகின்றன. வயது, ஆணா பெண்ணா, ஊர், தொழில், வந்த நாள், காயத்தின் தன்மை, அது ஏற்பட்ட விதம், அளித்த சிகிச்சை ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் பதியப்படுகின்றன. 2021 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ், விருப்பமுள்ளவர்கள் 14 இலக்க எண் ஒன்றைப் பெற்று, தம் மருத்துவக் குறிப்புகளை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையில் எடுத்த குறிப்பை, நோயாளியின் ஒப்புதலோடு மற்றொரு மருத்துவமனையும் பார்க்க இது வழிசெய்கிறது.

காயத்திற்கும் காரணத்திற்கும் குறியீடு

ஒரு மருத்துவர் 'தாடை முறிவு' என்று எழுதுவார். மற்றொருவர் 'கீழ்த்தாடை எலும்பு உடைந்துள்ளது' என்று எழுதுவார். இரண்டும் ஒன்றுதான் என்பது நமக்குப் புரியும். கணிப்பொறிக்குத் தானாகப் புரியாது. ஆகவே, ஒவ்வொரு நோய்க்கும் காயத்திற்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீடு ஒன்றை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இதற்கு ஐ.சி.டி. என்று பெயர். இதன் 10ஆவது திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. 2022 முதல் 11ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து, நாடுகள் படிப்படியாக அதற்கு மாறி வருகின்றன.

பத்தாவது திருத்தத்தில் முகத்திலும் மண்டையிலும் ஏற்படும் எலும்பு முறிவுக்கு 'எஸ் 02' என்பது குறியீடு. கண்ணிலும் கண்குழியிலும் படும் காயத்திற்கு 'எஸ் 05'. இவை என்ன காயம் என்பதை மட்டும் சொல்லும். எதனால் ஏற்பட்டது என்பதற்குத் தனிக் குறியீடுகள் உண்டு. விவசாய இயந்திரத்தால் என்றால் 'டபிள்யூ 30'. மாடு போன்ற விலங்கு முட்டியோ கடித்தோ ஏற்பட்டது என்றால் 'டபிள்யூ 55'. முள்ளாலும் கூரிய இலையாலும் என்றால் 'டபிள்யூ 60'. கரும்புத் தோகை கிழித்தது இதில் அடங்கும்.

இவற்றோடு காயம் நேர்ந்த இடத்திற்கு ஓர் எண் சேர்க்கலாம். பண்ணை என்றால் 7; தெரு என்றால் 4; இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் 9. அப்போது செய்துகொண்டிருந்த செயலுக்கும் ஓர் எண் உண்டு. கூலிக்கோ வருமானத்திற்கோ செய்த வேலை என்றால் 2. வேறு வகை வேலை என்றால் 3. குறிப்பிடப்படவில்லை என்றால் 9.

இந்த 9ஆம் எண்ணை உழவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காயம்பட்டவர் விவரம் சொல்லாவிட்டால் அவருடைய காயம் 9இல் போய் விழுந்துவிடும். காயம் மட்டும் பதிவில் இருக்கும். வயலும் மாடும் இயந்திரமும் பதிவிலிருந்து மறைந்துவிடும்.

கணக்கு எவ்வாறு பயன்படுகிறது?

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்திற்காக மட்டும் வைத்துக்கொண்டவை. ஒரு வட்டார மருத்துவமனைக்கு ஓராண்டில் 200 முகக் காயங்கள் வருகின்றன என்று கொள்வோம். அவற்றில் 90 பேர் பண்ணை வேலையில் அடிபட்டவர்கள். அந்த 90 பேரில் 40 பேருக்கு அறுவடை மாதங்களில் கண்ணில் காயம். 20 பேருக்கு எஞ்சின் கைப்பிடி அடித்தது. 15 பேரை மாடு முட்டியது. மீதி 15 பேருக்குப் பல காரணங்கள்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பது உடனே தெரிகிறது. அறுவடைக்கு முந்தைய மாதம் கண்ணாடி அணிவது குறித்துக் கிராமங்களில் பயிற்சி நடத்தலாம். கைப்பிடியால் கிளப்பும் பழைய எஞ்சின்கள் எந்த ஊர்களில் அதிகம் என்று பார்த்து அங்கே செயல்விளக்கம் காட்டலாம். அறுவடைக் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருந்து தட்டுப்பாடின்றி வைத்திருக்கலாம்.

அதே 90 பேரில் 60 பேர் விவரம் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக் காயம் என்று 30 மட்டுமே கணக்கில் நிற்கும். அதைப் பார்ப்பவர்களுக்கு உழவர்களின் முகக் காயம் பெரிய பிரச்சினையாகத் தோன்றாது. பணமும் கவனமும் வேறு பக்கம் போய்விடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுப் பதிவுகளைக் கொண்டு காயங்களைக் கணக்கெடுக்கும் ஏற்பாடு 1970களின் தொடக்கத்திலேயே உருவானது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதனை நடத்தி வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, நாட்டிலுள்ள எல்லா மருத்துவமனைகளையும் எடுத்துக்கொள்ளாமல் ஏறக்குறைய 100 மருத்துவமனைகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அங்கு வரும் நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, என்ன காயம், உடலின் எந்தப் பகுதி, எந்தப் பொருளால் என்று குறியீடு இட்டார்கள். நடந்ததைச் சில வரிகளில் சுருக்கமாகவும் எழுதினார்கள். அந்த நாட்டின் தொழிற்பாதுகாப்பு நிறுவனம், வேலையின்போது ஏற்பட்ட காயங்களை இதே முறையில் தனியே தொகுத்தது.

அத்தொகுப்பில் ஒரு வரையறை நமது கவனத்திற்குரியது. கூலி பெற்றுச் செய்வது மட்டும் வேலை என்று அவர்கள் கொள்ளவில்லை. விளைபொருள் உற்பத்திக்காகச் செய்யும் பண்ணை வேலையும் வேலையாகவே சேர்க்கப்பட்டது. சொந்த நிலத்தில் உழைப்பவரின் காயமும் அதனால் கணக்கில் வந்தது.

மதுரையில் தெரியவந்த உண்மை

பதிவேடுகளின் பயனுக்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. 1993ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வந்தது என்று கண் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். ஒரு லட்சம் மக்களில் ஆண்டுக்கு 113 பேருக்கு வந்தது என்று தெரியவந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் 1980களில் இதே கணக்கு லட்சத்திற்கு 11ஆக இருந்தது. ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபாடு!

காரணம் என்ன? 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேர் ஆராயப்பட்டார்கள். அவர்களில் 284 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், கண்ணில் முன்பு அடிபட்டதாகக் கூறினார்கள். அந்தக் காயங்கள் பெரும்பாலும் விவசாய வேலையில் ஏற்பட்டவை. புண்ணிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்ததில், கிருமி கண்டறியப்பட்டவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சாணம்தான் காரணம் என்று தெரிந்தது. அவற்றில் முதலிடம் பெற்றது பியூசேரியம். பயிர்களில் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் இனத்தை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள். மண்ணிலும் செடியிலும் வாழும் இவ்வகைப் பூஞ்சாணம், தோகை கீறிய கருவிழியின் வழியே கண்ணுக்குள்ளும் குடியேறிவிடுகிறது.

'அடிபட்டதா? எதனால்?' என்று மருத்துவர் கேட்டதும், நோயாளி பதில் சொன்னதும், அது எழுதப்பட்டதும் ஆகிய மூன்றும் நடந்ததால்தான் இந்த உண்மை தெரிந்தது. மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அது வெறும் கண் நோய்க் கணக்காகவே நின்றிருக்கும்.

பதிவு எங்கே விடுபடுகிறது?

1. நாள் கடந்து வருவது. நெல் தெறித்த அன்றே வருபவருக்குக் 'கண் காயம்' என்று பதியப்படும். பத்து நாள் கழித்துப் புண்ணோடு வருபவருக்குக் 'கருவிழிப் புண்' என்று நோய்ப் பட்டியலில் பதியப்படும். கேட்டு எழுதாவிட்டால், அது வயல் வேலையில் வந்தது என்ற செய்தி பதிவில் இராது.

2. காரணத்தை மறைப்பது. செவிலியர் "எப்படி அய்யா அடிபட்டது?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்லம்மா, கீழே விழுந்துட்டேன்" என்று பதில் வருகிறது. போலீஸ் விசாரணை வருமோ என்ற அச்சம், நிலத்துக்காரர் மனம் கோணுவாரோ என்ற தயக்கம், தன் கவனக்குறைவு வெளிப்படுமே என்ற கூச்சம் ஆகியவையே இதற்குக் காரணம். இதனால் சிகிச்சையும் தவறும். விழுந்ததால் வந்த கண் சிவப்பு வேறு. சம்மட்டி வேலையில் இரும்புத் துணுக்கு புகுந்ததால் வந்த சிவப்பு வேறு. உண்மை தெரிந்தால்தான் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்.

3. பெண்களின் தொழில். நாற்று நட்டு, களையெடுத்து, மாடு பார்த்து, களத்தில் தூற்றும் பெண்ணின் தொழில் என்ன என்று கேட்டால், உடன் வந்த கணவரே "வீட்டிலதான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். பதிவேட்டில் 'இல்லத்தரசி' என்று ஏறுகிறது. அவருக்கு ஏற்பட்ட களத்துக் காயம் வீட்டுக் காயமாகிவிடுகிறது.

4. மருத்துவமனைக்கே வராமலிருப்பது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குபவர்கள், நாட்டுக் கட்டுக்குப் போகிறவர்கள், பொறுத்துக்கொள்பவர்கள் ஆகியோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே பதிவேட்டுக் கணக்கு எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டிய ஐந்து விவரங்கள்

கேட்டாலும் கேட்காவிட்டாலும் கீழ்க்கண்ட ஐந்தையும் சொல்ல வேண்டும்.

1. என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது? (கரும்புத் தோகை உரித்தபோது)
2. எந்த இடத்தில்? (சொந்த வயலில், கூலிக்குப் போன வயலில், களத்தில், தொழுவத்தில்)
3. எது பட்டது? (தோகை, கொம்பு, எஞ்சின் கைப்பிடி, மருந்தின் பெயர்)
4. எந்த நாள், எத்தனை மணிக்கு?
5. வருவதற்கு முன் என்ன மருந்து போட்டீர்கள்?

"அம்மா, நேற்றுச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க கொல்லையிலே கரும்புத் தோகை உரிக்கும்போது இலை வலது கண்ணிலே கிழிச்சிட்டுது. பச்சைத் தண்ணியிலே கழுவினேன். வேறே ஒண்ணும் போடலை." இவ்வளவு சொன்னால் போதும். மருத்துவருக்கு வேண்டிய அனைத்தும் இதில் அடங்கிவிட்டது.

தொழில் என்ன என்று கேட்டால், ஆணானாலும் பெண்ணானாலும் 'விவசாயம்' அல்லது 'விவசாயக் கூலி' என்று தெளிவாகக் கூற வேண்டும். பூச்சிமருந்து பட்டிருந்தால் அதன் புட்டியையோ லேபிளையோ கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

தொகுத்த கணக்கில் ஒருவருடைய பெயர் வர வேண்டிய தேவை இல்லை. 'இந்த வட்டாரத்தில், இந்த மாதத்தில், இந்த வேலையில் இத்தனை பேர்' என்பது மட்டுமே தடுப்புப் பணிக்கு வேண்டும். ஆகவே யாருக்கும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி விவரத்தை மறைக்க வேண்டாம்.

காலம் தாழ்த்தாமை

நேபாள நாட்டில் பக்தபூர் மாவட்டத்தில், கண்ணில் அடிபட்டவர்களைக் கிராம அளவில் கண்டறிந்து சிகிச்சை அளித்து, இரண்டு ஆண்டுகள் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2001இல் வெளிவந்தன. கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்ட 442 பேருக்குக் குளோரம்பெனிக்கால் என்ற கண் களிம்பு மூன்று நாட்கள் இடப்பட்டது. அடிபட்ட 18 மணி நேரத்திற்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் ஏற்படவில்லை. 18 முதல் 24 மணி நேரத்திற்குள் வந்த 109 பேரில் 4 பேருக்குப் புண் ஏற்பட்டது. 24 முதல் 48 மணி நேரத்திற்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் ஏற்பட்டது.

அடிபட்ட நேரத்தைக் குறித்து வைத்ததால்தான் இந்த வேறுபாடு வெளிப்பட்டது. இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது, காலையில் கண்ணில் அடிபட்டால் அன்று மாலைக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதே. 'அறுப்பு முடியட்டும்' என்று இரண்டு நாள் பொறுப்பது ஆபத்தில் முடியலாம். கண்ணில் பூ விழுந்தபின் எந்தச் சொட்டு மருந்தாலும் அதை அகற்ற முடியாது. கருவிழி மாற்று அறுவைதான் வழி. அதற்குக் கண் தானம் கிடைக்க வேண்டும்.

முதலுதவி

கண்ணில் தூசியோ நெல்லோ விழுந்தால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். உறுத்தல் போகாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்ப்பால், இலைச் சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றை விடக் கூடாது. நாக்கினாலோ துணி முனையினாலோ எடுக்கவும் முயலக் கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டிராய்டு கலந்தவை உண்டு. இவற்றை விட்டால் சிவப்பும் வலியும் குறைந்தது போலத் தோன்றும். பூஞ்சாணமோ உள்ளே விரைந்து பரவும். மருத்துவர் எழுதித் தராத சொட்டு மருந்தை ஒருபோதும் விடக் கூடாது.

பூச்சிமருந்து, சுண்ணாம்பு, எருக்கம்பால் பட்டால் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே கழுவத் தொடங்க வேண்டும். இமைகளை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் மெதுவாக எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

கண்ணில் முள்ளோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது; கழுவவும் கூடாது. கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து மேலே ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தாடையிலோ கன்னத்திலோ பலமாக அடிபட்டவரை, வாயில் இரத்தம் வந்தால் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. இரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நினைவோடு இருந்தால் முன்பக்கம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பற்கள் பழையபடி பொருந்தாமை, வாய் திறக்க முடியாமை, பொருள் இரண்டாகத் தெரிதல், கன்னமும் உதடும் மரத்துப்போதல் ஆகியவை எலும்பு முறிவின் அறிகுறிகள். மூக்கிலிருந்து தண்ணீர் போன்ற தெளிந்த நீர் வடிந்தால் மண்டையின் அடிப்பகுதியில் முறிவு இருக்கலாம். 108 வண்டியைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

பெரியவர்களுக்குப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் இருந்தால் லேசாக அலசி, அதே குழியில் பொருத்திவைக்கலாம். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் போனால் மீண்டும் ஊன்ற வாய்ப்புண்டு.

முகத்தில் இரத்தம் வழியும் காயத்தின்மீது சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் வைக்கக் கூடாது. மண்ணும் சாணமும் படும் தொழில் நம்முடையது. ஆகவே ரண ஜன்னித் தடுப்பு ஊசி பற்றி மருத்துவரிடம் தவறாமல் கேட்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

* கதிரடித்தல், தூற்றுதல், தோகை உரித்தல், புல் வெட்டுதல், இரும்படித்தல் ஆகிய வேலைகளில் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். வெயிலுக்கு அணியும் சாதாரணக் கண்ணாடி உடைந்து தானே கண்ணைக் குத்தக்கூடும்.

* எஞ்சினைக் கிளப்பும்போது முகத்தைக் கைப்பிடிக்கு நேராக வைக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும்.

* இயந்திரத்தின் அருகில் துண்டையும் தலைப்பையும் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். பெல்ட்டின் மூடியைக் கழற்றி வைக்கக் கூடாது.

* மாட்டின் கொம்புக்கு நேராகக் குனியக் கூடாது. தீவனத் தொட்டியை வெளிப்பக்கமிருந்தே நிரப்பும்படி அமைப்பது நல்லது.

* அடைத்த நாசிலை வாயால் ஊதாமல், தண்ணீரில் அலசியோ மெல்லிய பிரஷ்ஷினாலோ சுத்தம் செய்ய வேண்டும்.

பதிவின் நகல்

சிகிச்சை முடிந்து வரும்போது, காயத்தின் விவரமும் அது ஏற்பட்ட விதமும் எழுதிய சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். 'விவசாய வேலையில் ஏற்பட்டது' என்று அதில் உள்ளதா என்று படித்துப் பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால் அப்பொழுதே மருத்துவரிடம் பணிவுடன் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சேர்ப்பது எளிதன்று.

2011இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் விபத்தால் ஏற்படும் இறப்புக்கும் ஊனத்திற்கும் உதவி வழங்க வகை செய்யப்பட்டது. கதிரடிக்கும் இயந்திரங்களில் வேலை செய்து உடலூறு அடைவோருக்கு இழப்பீடு கிடைக்க, அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. இவை போன்ற உதவி எதைக் கேட்டாலும், அடிபட்ட அன்றே எழுதிய மருத்துவக் குறிப்பு வலுவான சான்றாக அமையும். விண்ணப்பிக்கும் முறையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஊரளவில் செய்யத்தக்கது

உழவர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் இக்கணக்கை எழுதிவரலாம். பெயர் வேண்டியதில்லை. தேதி, வேலை, பட்ட பொருள், முகத்தில் எந்த இடம், மருத்துவமனைக்குப் போன நேரம் ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். மருத்துவமனைக்குப் போகாதவர்களையும் இதில் சேர்க்கலாம். ஆண்டு முடிவில் அதை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் வேளாண்மை உதவி அலுவலரையும் சந்தித்தால், பதிவேட்டில் தெரியாத காயங்களும் தெரியவரும்.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்கு வைத்திருக்கும் நாம், அந்த மூட்டைகளை விளைவிப்பதில் எத்தனை கண்கள் போயின என்றும் கணக்கு வைக்க வேண்டும். ஆகவே, அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்து வாங்கி வாருங்கள். உங்கள் காயத்திற்குச் சரியான சிகிச்சை கிடைப்பதோடு, அடுத்த அறுவடையில் பக்கத்து வயல்காரரின் கண்ணைக் காக்கவும் அது உதவும்.